எடுத்தேன், எடுத்தேனா?

பேருந்துப் பணிமனைக்கு எதிரே, சாலை வளையும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பழைய லாரி டயர் ஒன்றை நிறுத்தி வைத்து, அதில் வெள்ளை பெயின்ட்டால் ‘காத்து’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பார்த்தே கடைக்காரிக்குக் காத்தக்கா என்று பெயர் வந்துவிட்டது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. “எழுத்துல ஒரு ‘த்’தைக் கூடப் போட்டு ஆண்டவன் ஏமாத்திட்டான். காது கேட்டோம், காத்து குடுத்தான்” என்று அவள் புருஷன் சொல்வான். அவளே அதைக் கைகளால் பத்துப் பேருக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

லாரி டயரைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுகிற கை அவளுடையது. டியூப் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போக மாட்டாள். கன்னத்தோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவாள், ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்தாலும் விரல் அங்கே போய் நிற்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவன், காது கேட்பவன். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் குடித்தனம். ஒரே மகள் மருந்தாளுநர் படிப்பு படிக்கிறாள்.

அந்த மகள்தான் நாலு வயதிலிருந்து அம்மாவுக்கு வாய். வங்கி, ஆஸ்பத்திரி, மின்சார அலுவலகம் என்று எங்கே போனாலும் “உங்க அம்மாகிட்ட சொல்லும்மா” என்று சின்னப் பெண்ணிடம்தான் பேசுவார்கள். எதிரே இருப்பவர் அரை மணி நேரம் வாயசைப்பார், கையை நீட்டுவார், மேசையைத் தட்டுவார். கடைசியில் மகள் திரும்பி, “ஒண்ணும் இல்லம்மா, நாளைக்கு வரச் சொல்றாங்க” என்று கையால் சொல்வாள்.

“அரை மணி நேரமா ஒண்ணும் இல்லாததையா பேசினாரு?” என்று காத்தக்கா கேட்பாள். மகளுக்குக் கோபம் வரும். பாவம், அவளும் எத்தனை பேருக்குத்தான் வாயாக இருப்பாள்!

ஒரு நாள் ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சக்கரத்தில் விரல் நீள ஆணி. அப்போது காத்தக்கா வீடியோ அழைப்பில் புருஷனோடு மும்முரமாக இருந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் சண்டை. அந்தப் பெண் ஸ்கூட்டரை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டுத் தடுமாறி, “நீங்க... ரொம்ப... வேகம்” என்று சைகையில் சொன்னாள். அவளுக்கு மொத்தம் நாற்பது சைகைதான் தெரியும் என்பது பிற்பாடு தெரிந்தது. அவள் கம்ப்யூட்டர்க்காரி. மீதியைப் போனில் எழுதிக் காட்டினாள்.

காவல் நிலையங்களுக்காக ஒரு மென்பொருள் செய்கிறார்களாம். காது கேளாதவர் கேமரா முன்னால் சைகை செய்தால் மிஷின் அதைப் பேச்சாகச் சொல்லும், திரையில் எழுதியும் காட்டும். போலீஸ்காரர் பேசினால் திரையில் ஒரு பொம்மை வந்து அதைச் சைகையில் சொல்லும். மிஷினுக்குச் சைகை கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

காத்தக்கா படித்தாள். பத்தி பத்தியாகப் படிக்க அவளுக்கு வராது, ஆனால் சின்ன வாக்கியங்களை எழுத்துக் கூட்டிவிடுவாள். ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டுக் கேட்டாள்.

“போலீஸ்காரர் பேசறது எனக்கே நேரா புரியுமா? என் பொண்ணு இல்லாமலே?”

“இல்லாமலே.”

அன்றைக்கு ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டும்போது அவள் கால் தரையில் நிற்கவில்லை.

அதன் பிறகு ஆறு வாரம், மதியம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். வெள்ளைச் சுவர், மூன்று கேமரா, தரையில் நிற்க வேண்டிய இடத்துக்கு நீல டேப்பில் ஒரு குறுக்குக் கோடு. ஆயிரத்து நானூறு சைகை பதிவானது. ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா, முகத்தை மட்டும் ஆட்டாதீங்க. முகம் ஆடினா மிஷின் குழம்புது. கை போதும்” என்று கம்ப்யூட்டர்க்காரி அடிக்கடி எழுதிக் காட்டினாள்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. முகம் இல்லாத சைகையும் அப்படித்தான்” என்று காத்தக்கா படபடவென்று சொன்னாள். நாற்பது சைகைக்காரிக்கு அதில் பாதிதான் எட்டியது. அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காத்தக்காவும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

சோதனை நாள் வந்தது. அவர்கள் பகுதிக் காவல் நிலையத்தில்தான் முதல் முறையாக அந்த மிஷினை வைத்தார்கள். காத்தக்கா விடிந்ததிலிருந்து மூன்று முறை கை கழுவினாள். நகத்தில் இருந்த கிரீஸ் போகவே இல்லை. மகளுக்கு அன்று பரீட்சை.

“நான் வரலைன்னா எப்படிம்மா சமாளிப்ப?”

“நீ வராம இருக்கறதுக்குத்தானேடி இந்தச் சோதனையே!”

காவல் நிலையத்தின் முன்னறையில் ஒரு நீள மேசை, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, சுவரோரம் அலமாரிக்கு அடங்காத கோப்புகள். மேசை நடுவில் ஒரு ஸ்டாண்டில் மிஷின், பெரிய புத்தகம் அளவுக்குத் திரை. ஜன்னல் வெளிச்சம் கூசாமல் இருக்க அதன் பின்னால் ஒரு அட்டையை நிறுத்தியிருந்தார்கள். ஓரத்தில் கம்ப்யூட்டர்க்காரி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கியவர், கறாரான முகம். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “வாங்கம்மா, உட்காருங்க. உங்க கடை எங்க இருக்கு?” என்றார்.

திரையில் பொம்மை கையசைத்தது. அதன் முகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு மடிப்பில்லாமல் இருந்தது. ஆனாலும் புரிந்தது! கடை, எங்கே. காத்தக்கா பதில் சொன்னாள். “என் கடை பேருந்துப் பணிமனைக்கு எதிரில் உள்ளது” என்று மிஷின் பேச, இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவளிடம்தான் பேசினார், அவளைப் பார்த்துத்தான் தலையாட்டினார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

இவ்வளவு நாளாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. வாய்ப்பை விடுவாளா?

“உங்கள் ஜீப்பின் பின்பக்க இடது சக்கரத்தில் காற்று குறைவு” என்று மிஷின் அறிவித்தது.

ஒரு கான்ஸ்டபிள் வெளியே ஓடி, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து, “ஆமா சார்!” என்றார். அறையே சிரித்தது. காத்தக்கா அந்த வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். வழக்கமாக அவள் சொன்ன வேடிக்கைக்கு, மகள் அதை எடுத்துச் சொல்லி முடித்த பிறகுதான் சிரிப்பு வரும். அதற்குள் அவளுக்கு ஆறிப்போயிருக்கும். இப்போது அவள் கை இறங்குவதற்குள் சிரிக்கிறார்கள்!

அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் ஒரு பல் டாக்டர் அம்மா. அவருக்குப் பின்னால், எதிர்ச் சாரியில் லாண்டரி வைத்திருக்கும் முதலாளி. அங்கே வேலை செய்யும் ஆளை அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்த லாண்டரிக்காரருக்கும் காது கேட்காது. வாரத்துக்கு ஒரு நாள் காத்தக்காவின் கடைக்கு வந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுப் போகிறவர்.

“என் வெள்ளைக் கோட்டுப் பையில மோதிரத்தை வச்சு மறந்துட்டேன் சார். கோட்டு திரும்பி வந்துச்சு, மோதிரம் வரல” என்றார் டாக்டர்.

“துவைச்சது இவன்தான். கேட்டா கையைக் கையை ஆட்டுறான்” என்றார் முதலாளி.

“சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க” என்று இன்ஸ்பெக்டர் உற்சாகமாக மிஷினை லாண்டரிக்காரர் பக்கம் திருப்பினார். “டாக்டரோட மோதிரத்தை நீ எடுத்தியா?”

பொம்மை கையசைத்தது. மோதிரம், நீ, எடு. இஸ்திரி முகம். லாண்டரிக்காரருக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை, ‘நீ எடுத்தாய்’ என்று குற்றம் சாட்டுவதாகத்தான் பட்டது. அவர் திடுக்கிட்டார். புருவம் இரண்டும் நெற்றியின் உச்சிக்கு ஏறின, தோள் தூக்கியது, கை பறந்தது. நான் எடுத்தேனா? நானா?

மிஷின், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற பெண்ணின் குரலில் நிதானமாகச் சொன்னது: “நான் மோதிரத்தை எடுத்தேன். நான்.”

எல்லோர் கண்ணும் லாண்டரிக்காரர் மேல் பாய்ந்தது.

“பார்த்தீங்களா சார்! வாயாலயே... கையாலயே ஒத்துக்கிட்டான்!” என்று முதலாளி குதித்தார்.

லாண்டரிக்காரர் விடாமல் இன்னும் ஏதேதோ சைகை செய்தார். மிஷினுக்கு அதில் இரண்டு சொல்தான் பிடிபட்டது. “வட்டம். உள்ளே.”

“வட்டம்னா மோதிரம். உள்ள ஒளிச்சு வச்சிருக்கான். எழுதிக்கய்யா” என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் இருந்த எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

காத்தக்கா திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டினாள். ‘எடுத்தேன்’. புள்ளியோடு முடிந்திருந்தது. அவர் சொன்னது எடுத்தேனா! ஒரு துணைக்கால் குறைந்ததில் ஒரு மனுஷன் கம்பி எண்ணப் போகிறார்!

உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பேனா உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள். மிஷினைத் தன் பக்கம் திருப்பிச் சைகை செய்தாள். “தவறு. அவர் கேட்கிறார்” என்றது மிஷின்.

“என்ன கேட்கிறாரு?”

“ரெண்டும் ஒரே கூட்டம் சார். ஒண்ணுக்கு ஒண்ணு பரிஞ்சு வருது” என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “உங்களுக்கு இவரைத் தெரியுமா?” பொம்மை அதைச் சொன்னது. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தெரியும் என்று தலையாட்டினாள்.

“அப்ப நீங்க சொல்றதை நான் எப்படிம்மா எடுத்துக்கறது? மிஷின் யாருக்கும் சொந்தக்காரன் இல்லையே.”

காத்தக்கா கம்ப்யூட்டர்க்காரியைப் பார்த்தாள். அவள் லாண்டரிக்காரரைப் பார்க்கவே இல்லை, மடிக்கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “தொண்ணூத்தி நாலு சதவீதம் சரின்னுதான் சார் காட்டுது” என்றாள் குழப்பத்தோடு.

எழுத்தர் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டார். நேரமில்லை. மகள் இல்லை. இருப்பது இந்த மிஷின் ஒன்றுதான், அதுவோ தப்பாகச் சொல்கிறது. சரி, தப்பாகவே சொல்லட்டும் என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது. இன்னும் நாலு தப்புச் சொல்லட்டும், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி!

மேசை மேல் இருந்த தொப்பியைக் காட்டினாள். தன் மார்பைத் தொட்டாள். புருவத்தை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு, கை சுத்தமாகத் தெரியும்படி கேட்டாள்.

“உங்கள் தொப்பியை நான் திருடினேன்” என்றது மிஷின்.

எல்லோரும் தொப்பியைப் பார்த்தார்கள். அது வைத்த இடத்தில், தூங்குகிற பூனை மாதிரி அப்படியே இருந்தது.

அடுத்து இன்ஸ்பெக்டரைக் காட்டினாள். “நான் உங்களைக் கொன்றேன்” என்றது மிஷின், அதே நிதானமான குரலில். இன்ஸ்பெக்டரின் கை அவரை அறியாமல் நெஞ்சுக்குப் போயிற்று. கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். “நான் உங்கள் பற்களைப் பிடுங்கினேன்.”

டாக்டர் அம்மா முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துவிட்டார். காத்தக்கா சிரிக்கவில்லை. இரண்டு விரலால் தன் புருவங்களைப் பிடித்து மேலே தள்ளிக் காட்டினாள். கீழே இறக்கினாள். மறுபடி தள்ளினாள். பிறகு எழுத்தரின் தாளை இழுத்து, ‘எடுத்தேன்’ என்று கோணல் எழுத்தில் எழுதினாள். புள்ளியை அடித்தாள். பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டாள். கேள்விக்குறியை வளைத்து, அதன் மேல் பேனாவால் மூன்று முறை குத்தினாள்.

எடுத்தேனா?

“புருவம்!” என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். “கேள்வி கையில இல்லைய்யா, புருவத்துல இருக்கு!” அவரே லாண்டரிக்காரர் முன்னால் போய் நின்று, தாளைக் காட்டி, தன் புருவத்தை முடிந்த மட்டும் தூக்கினார். லாண்டரிக்காரர் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

கம்ப்யூட்டர்க்காரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “நான்தான் சார் முகத்தை ஆட்டாதீங்கன்னு அக்காகிட்ட சொன்னேன். அக்கா அப்பவே என்னமோ சொன்னாங்க. எனக்குத்தான் புரியல.”

எழுத்தரின் தாளை இன்ஸ்பெக்டர் கிழித்துப் போட்டார். “சரி, வட்டம், உள்ளேன்னாரே, அது என்ன?”

லாண்டரிக்காரர் மறுபடி சொன்னார், இந்த முறை காத்தக்காவிடம். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. வட்டம் மோதிரம் இல்லை, ரப்பர்! துவைக்கிற மிஷினின் வாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம். ரப்பர் சமாச்சாரம் என்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எல்லோரையும் ‘வாங்க’ என்று கையால் வாரி அழைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தெருவைக் கடந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் அவளுக்காகப் பிரேக் போட்டு நின்றது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாண்டரியில் வலது கோடியில் இருந்த பெரிய மிஷின் முன் லாண்டரிக்காரர் மண்டியிட்டார். மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பார்கள், காத்தக்காவின் கைப்பையில் சைக்கிள் டயர் லிவர் இருக்கும். அதை ரப்பர் மடிப்புக்குள் செருகி நெம்பினாள். அழுக்குத் தண்ணீர் வழிந்தது. ஒரு சட்டைப் பொத்தான் வந்தது, ஒரு தலைக் கிளிப் வந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பினாள். பளிச்சென்று ஒன்று உருண்டு விழுந்து, டாக்டர் அம்மாவின் செருப்பில் முட்டி நின்றது.

“என் மோதிரம்!”

அது அங்கே இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். லாண்டரிக்காரர் உள்ளங்கையை மிஷினின் பக்கவாட்டில் பதித்துக் காட்டினார். மூன்று நாளாக அதன் அதிர்வு மாறியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஏதோ இடறியது. முதலாளியிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். முதலாளி மூன்று முறையும் ‘போ, போய் வேலையைப் பார்’ என்று கையை வீசியிருக்கிறார். இதைக் காத்தக்கா சொல்ல, வாசலில் சைகை மிஷினைத் தூக்கிக்கொண்டு நின்ற கான்ஸ்டபிளின் கையிலிருந்து அந்த ரயில் நிலையக் குரல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. முதலாளி தரையையே பார்த்தார்.

டாக்டர் அம்மா காத்தக்காவின் தோளைத் தொட்டு, மன்னிப்பு என்பதற்கு என்ன சைகை என்று கேட்டார். காத்தக்கா காட்டினாள். டாக்டர் கையை மட்டும் அசைத்தார். காத்தக்கா அவர் முகத்தைச் சுட்டி, ‘இதுவும் வேணும்’ என்றாள். இரண்டாம் முறை லாண்டரிக்காரரைப் பார்த்துச் செய்தார், சரியாக வந்தது.

அன்று சாயங்காலம் மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். காத்தக்கா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவள், எழுந்து நின்று, இன்ஸ்பெக்டராகவும் பொம்மையாகவும் தொப்பியாகவும் நடித்துக் காட்டினாள். “கொன்னேன்னு சொல்லிச்சா? போலீஸ்காரரையேவா?” என்று மகள் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள். பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்கவும் சொல்லவும் இருவருக்குமே மறந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் தன் கைப்பட மேலிடத்துக்கு எழுதினார். முகத்தைப் படிக்கத் தெரியும் வரை இந்த மிஷின் சொல்வதை வாக்குமூலமாக எடுக்கக் கூடாது. தெரிந்த பிறகும், எழுதியதைச் சொன்னவருக்கே திருப்பிக் காட்டி அவர் ஆமாம் என்றால்தான் செல்லும். குற்றம் என்று வந்தால் சைகை தெரிந்த மனுஷர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலிடம் ஒப்புக்கொண்டது.

கம்ப்யூட்டர்க்காரி ஆறு வார வேலையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, கடைக்கு வந்து கை நீட்டினாள். “முதல்லேர்ந்து சொல்லிக்குடுங்க அக்கா. எனக்கும், மிஷினுக்கும்.”

காத்தக்கா ஊரையே திரட்டிவிட்டாள். காது கேளாதோர் பள்ளியின் பெரிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐம்பது பேருக்குக் குறையாமல் கூடினார்கள். தையல்காரர், அச்சகத்தில் வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரி ஆயா, கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு ஜோடி. அந்த ஜோடி கேமரா முன்னாலேயே நிஜமாகச் சண்டை போட, கம்ப்யூட்டர்க்காரி “விடுங்க, விடுங்க, அப்படியே பதிவாகட்டும்!” என்று துள்ளினாள். புருவம் ஏறினால் ஒன்று, சுருங்கினால் ஒன்று, கன்னம் உப்பினால் ஒன்று. கை ‘எடுத்தேன்’ என்று சொல்லும்போதே தலை இடவலமாக ஆடினால் ‘எடுக்கவில்லை’. காத்தக்கா ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, கூட்டத்தை மேய்த்தாள்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாண்டரிக்காரரே கேமரா முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார், புருவத்தைத் தூக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

‘நான் எடுத்தேனா?’

கூடம் முழுவதும் நூறு கைகள் மேலே எழும்பி விரல்களைப் படபடவென்று ஆட்டின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். லாண்டரிக்காரரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்க்காரி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். லாண்டரி முதலாளியும் அன்று பின் வரிசையில் இருந்தார். வெட்கத்தில் முப்பது சைகை கற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது நாளெல்லாம் சைகையில் கடி ஜோக் அடிக்கிறார், முன்பே நிம்மதியாக இருந்தது என்று லாண்டரிக்காரர் காத்தக்காவிடம் அலுத்துக்கொள்கிறார்.

காத்தக்கா இப்போதும் பஞ்சர்தான் ஒட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடையை மதியத்தோடு மூடிவிட்டுப் பக்கத்து ஊர்க் காவல் நிலையங்களுக்குப் போகிறாள். வழியில் இருந்தால் புருஷனே லாரியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். மிஷினுக்கு இன்னும் கிண்டல் பிடிபடவில்லை. ‘ரொம்ப நல்ல மனுஷன்’ என்று அவள் உதட்டைச் சுழித்துச் சொன்னால், அது நிஜமாகவே நல்ல மனுஷன் என்று எழுதுகிறது. இதற்கு உதாரணம் காட்டப் புருஷனைப் பற்றியே அறுபது வாக்கியம் பதிவு செய்திருக்கிறாள். இன்னும் வேண்டும் என்று கம்ப்யூட்டர்க்காரி கேட்டதற்கு, “அதுக்கென்ன பஞ்சம்!” என்றாளாம்.

வருகிற திங்கட்கிழமை போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் இருநூறு பேருக்குப் பாடம் எடுக்கப் போகிறாள். என்ன சொல்லித்தருவதென்று இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறாள். முதல் பாடம் முடிவாகிவிட்டது. இருநூறு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும்.